ஆயில் மாற்ற நமக்குத் தெரியாதா?

"வண்டி ஆயிலை வீட்டில் மாற்றாதீர்கள்" என்ற பேச்சு இன்று எழுதாத சட்டமாகிவிட்டது. ஷோரூமில் சொல்கிறார்கள், சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள், தெருமுனை மெக்கானிக் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். நட்டின் த்ரெட் போய்விடும், அளவு தப்பினால் இன்ஜின் ஜாம் ஆகிவிடும், வாரண்டி கிடைக்காது, பழைய ஆயிலை எங்கே கொட்டுவாய், சின்னக் கூலிக்காக எதற்குக் கையை அழுக்காக்கிக்கொள்கிறாய் என்று காரணங்களும் வரிசையாக வருகின்றன. இவற்றில் ஒன்றே ஒன்றுதான் உண்மையான கேள்வி: பழைய ஆயில். அதற்குப் பிறகு வருகிறேன். மற்ற எல்லாமே, தன் வண்டியைப் பற்றி ஒருவன் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவனை நம்பவைக்கும் பேச்சு. அதை நான் ஏற்கவில்லை.

இந்தப் பேச்சு எந்த ஊரில் நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்களும் வார்ப்படத் தொழிற்சாலைகளும் நெருக்கி நிற்கின்றன. ரோலிங் மில்லில் கம்பியை இழுக்கும் உருளைகளுக்குப் பின்னால் ஆள் உயர கியர் பாக்ஸ் இருக்கும். அதில் நூற்றுக்கணக்கான லிட்டர் கியர் ஆயில் ஓடும். அந்த ஆயிலின் மட்டத்தைப் பார்ப்பது, சூட்டைத் தொட்டுப் பார்ப்பது, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சாம்பிள் எடுப்பது, காலம் வந்ததும் வடித்துவிட்டுப் புதிது நிரப்புவது எல்லாம் ஐடிஐ படித்த ஃபிட்டர்களின் அன்றாட வேலை. அவர்கள் பொன்னேரியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் கவரைப்பேட்டையிலிருந்தும், எல்லைக்கு அந்தப்பக்கம் தடாவிலிருந்தும்கூட பைக்கில் வருகிறவர்கள். கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள இயந்திரத்தின் உயிரை நிர்வாகம் அவர்கள் கையில் ஒப்படைக்கிறது. ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும், சொந்த 100 சிசி வண்டியின் அடியில் இருக்கும் ஒற்றை நட்டைத் தொடக்கூடத் தகுதியில்லாதவர்களாக அவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

ஒரு மெக்கானிக் கடையில் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டிருக்கிறேன். மில் யூனிஃபார்மோடு வந்த இளைஞர், "அண்ணா, ஆயில நானே மாத்திக்கலாமா? எந்த கிரேடுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். "உனக்கு எதுக்குத் தம்பி இந்த வேலையெல்லாம்? வண்டிய விட்டுட்டுப் போ, சாயந்தரம் எடுத்துக்கோ" என்று பதில் வந்தது. அவர் விட்டுவிட்டுப் போனார். அந்த வண்டியின் ஆயிலை மாற்றியது யார்? கடையில் புதிதாக வேலை பழக வந்த பையன். எந்த மெக்கானிக் கடையிலும் ஆயில் மாற்றும் வேலை அனுபவசாலியின் கைக்குப் போவதில்லை. அனுபவசாலி இன்ஜின் பிரித்துக்கொண்டிருப்பார், கார்புரேட்டர் டியூன் செய்துகொண்டிருப்பார். ஆயில் வடிப்பது, செயினுக்குக் கிரீஸ் போடுவது, வண்டி கழுவுவது மூன்றும் கற்றுக்குட்டியின் வேலை. ஒரு ஃபிட்டருக்கு முடியாது என்று சொல்லப்படும் வேலையை, ஸ்பேனர் பிடித்துச் சில வாரமே ஆன கை செய்து முடிக்கிறது.

இந்தப் பயம் பழைய பயமும் இல்லை. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. பின்னாளில் 2018 வரை அந்த ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே உருவான பழைய புல்லட்டில் ஆயில் மூன்று இடங்களில் தனித்தனியாக நிற்கும். இன்ஜினுக்கு ஒன்று, கிளட்ச்சும் பிரைமரி செயினும் சுற்றும் இடதுபக்கப் பெட்டிக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று. மூன்றிலும் மட்டம் பார்க்காமல் புல்லட் ஓட்டியவர் யாரும் இல்லை. கியர் பாக்ஸுக்குத் தொண்ணூறு கிரேடு ஆயில், சிலர் கிரீஸும் சேர்ப்பார்கள், எவ்வளவு சேர்ப்பது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். யமஹா ஆர்எக்ஸ் 100-இல் பெட்ரோலோடு எரிய 2டி ஆயில் தனி, கியர் பாக்ஸுக்கு ஆயில் தனி. பஜாஜ் சேத்தக்கிலும் கியர் ஆயில் தனி. இவற்றை வைத்திருந்தவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், விவசாயிகள், போலீஸ்காரர்கள். ஞாயிறு காலையில் வாசலில் கோணிப்பையை விரித்து அவர்களே ஆயில் மாற்றினார்கள். அப்போது யாரும் அதை ஆபத்தான வேலையாகச் சொல்லவில்லை. இன்று வண்டி எளிமையாகிவிட்டது. பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில், வடிப்பதற்கு ஒரே நட்டு. வேலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பிறகுதான் அது நம்மால் முடியாத வேலையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1969-இல் ஓடத்தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையில் லூப் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெய் தயாராகிறது. அதில் சேர்க்கும் ரசாயனக் கலவைகளை உருவாக்கும் இந்தியன் அடிட்டிவ்ஸ் நிறுவனமும் மணலியில்தான் இருக்கிறது. ஆயிலின் உடலும் உயிரும் நம் வாசலில் உருவாகின்றன. அதை ஒரு வண்டியில் ஊற்றத் தெரியாதவர்களாக நாம் இருக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

சரி, வேலைக்கு வருவோம். ஒரே ஆயில் மூன்று வேலை செய்கிறது என்றேன். அதனாலேயே பைக் ஆயில் கார் ஆயிலைவிடச் சீக்கிரம் களைத்துப்போகிறது. காரில் கியர் பாக்ஸுக்கு வேறு ஆயில். பைக்கிலோ இன்ஜின் ஆயில் கியர்ப் பற்களுக்கிடையே நசுங்கிக்கொண்டே இருக்கிறது. சூட்டிலும் ஆயில் நீர்த்துவிடாமல் பிடித்துவைக்க அதில் நீண்ட பாலிமர் சங்கிலிகளைச் சேர்த்திருப்பார்கள். கியர்ப் பற்கள் அந்தச் சங்கிலிகளை அறுக்கின்றன. கிளட்ச் தட்டுகளின் தூள் கலக்கிறது. எரியாத பெட்ரோல் கொஞ்சம் கசிகிறது. ஆயில் காலாவதியாகும்போது முதலில் நமக்குத் தெரிவது கியரில்தான். நியூட்ரல் சட்டென்று விழாது, முதல் கியர் 'டக்' என்று அடிக்கும், கியர் மாற்றக் கால் கூடுதலாக அழுத்தும். "கியர் ஆயில் மாத்தணும்" என்று நம் ஊரில் சொல்வது அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் பிறக்கிறது. பைக்கின் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே நனைந்து நிற்கிறது. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கும். அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி நகராது. அதற்காகவே ஜப்பானியர்கள் ஜாசோ என்ற தரத்தை வகுத்தார்கள். பாட்டிலின் பின்புறத்தில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கியர் உள்ள பைக்குக்கு எம்பி ஆகாது, அது ஆயில் படாத கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கு. அடுத்து 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று தடிமன் எண். எது வேண்டும் என்று வண்டியோடு தந்த கையேட்டில் எழுதியிருக்கும். ஆயில் தேர்வு என்ற பெரிய மர்மம் இவ்வளவுதான். தமிழில் செய்தித்தாள் படிப்பவர் எவரும் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம்.

மாற்றும் முறையும் அப்படியே. வண்டியைச் சற்று ஓட்டி அல்லது ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கொதிக்கும் சூடு வேண்டாம், கை சுடும். சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில் அகன்ற பாத்திரம் வைத்து, மேலே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு, கீழே ட்ரெயின் நட்டைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் நட்டோடு ஸ்பிரிங்கும் சல்லடையும் சேர்ந்து வெளியே வரும். எந்த வரிசையில் வந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் போதும். கடைசிச் சொட்டுவரை வடியவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடமாகும். அவசரத்தில் ஓடும் கடையில் இந்தப் பதினைந்து நிமிடத்தைத் தரமாட்டார்கள். பழைய ஆயிலில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும், அதன்மேல் புதிதை ஊற்றுவார்கள். வீட்டில் செய்கிறவருக்கு அந்த அவசரம் இல்லை. வீட்டில் மாற்றுவது கடையைவிட நன்றாக அமையும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் அந்தப் பழைய ஆயில் பேசும் செய்தி. அது கறுத்திருப்பது இயல்பு, அழுக்கைச் சுமப்பதற்கே அது இருக்கிறது. ஆனால் வெயிலில் பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளிப்பூச்சுபோல மெல்லிய மினுமினுப்பு இருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் துகளோ, பல் உடைந்த சில்லோ இருந்தால் கியரோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தில் இந்த மாவட்டத்தில் எத்தனை வண்டிகள் மூழ்கி நின்றன என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் உடனே ஆயிலை வடித்து, புதிது ஊற்றி, சிறிது ஓட்டி மறுபடி வடித்தால் இன்ஜின் பிழைக்க வழியுண்டு. சர்வீஸ் சென்டர் வரிசையில் நாட்கணக்கில் காத்திருந்தால் உள்ளே துரு பிடிக்கும். வடித்த ஆயிலைக் கண்ணால் பார்க்காத வண்டிக்காரருக்கு இந்தச் செய்தி எதுவும் போய்ச் சேராது. கடையில் அது நேராகப் பீப்பாய்க்குள் போய்விடுகிறது.

இனி த்ரெட் விவகாரம். ட்ரெயின் நட்டு இரும்பு, அது ஏறும் இடம் அலுமினியம். அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினியம் கிழியும் என்பது உண்மை. ஆனால் அதைக் கிழிப்பது பெரும்பாலும் யார்? நீளக் கைப்பிடி ஸ்பேனரைப் போட்டு, உடம்பு பலத்தையெல்லாம் கொடுத்து, "லீக் ஆகாம டைட் பண்ணியாச்சு சார்" என்று சொல்லும் கடைக் கை. சிறு பைக்குகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் இறுக்கம் ஏறக்குறைய 20-லிருந்து 30 நியூட்டன் மீட்டர் வரைதான். அதாவது, ஒரு சாதாரண ரிங் ஸ்பேனரின் முனையைப் பிடித்து மணிக்கட்டு பலத்தில் ஒரு இழுப்பு. டார்க் ரெஞ்சு என்ற கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஓபன் ஸ்பேனர் வேண்டாம், நட்டின் முனைகளை வழித்துவிடும். கசிவைத் தடுப்பது இறுக்கம் என்று நினைப்பதுதான் தவறு. அடியில் இருக்கும் அலுமினிய அல்லது செம்பு வாஷர் நசுங்கிப் பொருந்துவதால்தான் கசிவு நிற்கிறது. சில ரூபாய் கொடுத்து ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட்டுவிட்டால் அளவுக்கு மீறி முறுக்க வேண்டிய தேவையே வராது. நட்டை முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்ற வேண்டும். விரலுக்கு ஏறாவிட்டால் கோணலாக நிற்கிறது என்று பொருள், ஸ்பேனரை எடுக்கக் கூடாது. மில்லில் பேரிங் மாற்றும் ஒருவருக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அளவு தப்பும் என்ற வாதத்துக்கும் இதே கதிதான். பல 100 சிசி வண்டிகளுக்கு 900 மில்லி பாட்டிலாகவே விற்கிறார்கள், சில வண்டிகளுக்கு ஒரு லிட்டர். ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, இன்னும் சில நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹீரோ, ஹோண்டா வண்டிகள் பலவற்றில் அந்தக் குச்சியைத் திருகாமல் வெறுமனே நுழைத்து அளக்க வேண்டும். பல்சர், அபாச்சி போன்றவற்றில் பக்கவாட்டில் கண்ணாடி வட்டமே இருக்கிறது. குறைந்தால் ஊற்றலாம், கூடினால் வடிக்கலாம். இதில் இன்ஜின் ஜாம் ஆக எந்த வாய்ப்பும் இல்லை. இன்ஜின் ஜாம் ஆவது மாதக்கணக்கில் அளவே பார்க்காத வண்டிகளில்தான். அளவு பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் "அது மெக்கானிக் வேலை" என்ற இதே உபதேசம்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு, குறிப்பாகத் தொழிற்சாலைகளுக்கு ஸ்கூட்டரில் போய்வரும் பெண்களுக்கு, ஒன்று சொல்கிறேன். உங்கள் வண்டியில் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு சின்னப் பெட்டிக்குள் தனியாக கியர் ஆயில் இருக்கிறது. 100 மில்லியை ஒட்டிய அளவுதான். இன்ஜின் ஆயில் மாற்றியதாகச் சொல்லும் பல கடைகளில் இதைத் தொடுவதே இல்லை, வண்டிக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதும் தெரியாது. பின்பக்கமிருந்து 'ஊய்ங்' என்று சத்தம் வந்து, கியர் செட்டை மாற்றச் சொல்லிப் பெரிய பில் போடும்போதுதான் தெரியவருகிறது. கையேட்டைத் திறந்து அந்தப் பெட்டியின் இரண்டு நட்டுகள் எங்கே என்று ஒருமுறை பாருங்கள். இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொண்டால் போதும், யாரும் உங்களிடம் வண்டியைப் பற்றிப் புரியாத பாஷையில் பேசி மிரட்ட முடியாது.

வாரண்டிக்கு வருகிறேன். புது வண்டிக்கு இலவச சர்வீஸ்கள் முடியும்வரை கம்பெனியில் விடுவதே சரி. கூலி இலவசம், பதிவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் வெளியே ஸ்பேனர் பட்டாலே வாரண்டி மொத்தமும் போய்விடும் என்று மிரட்டுவதை நம்பத் தேவையில்லை. 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம், சம்ஷேர் கட்டாரியா தொடுத்த வழக்கில், 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களை வெளியே கிடைக்காமல் பூட்டிவைத்ததும், வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போட்டதும் போட்டிக்கு எதிரானவை என்றது ஆணையம். வழக்கு கார்களைப் பற்றியது, பைக் கம்பெனிகள் அதில் இல்லை. அபராதம் மேல்முறையீட்டுக்கும் போனது. ஆயினும் நியாயம் எந்தப் பக்கம் என்பது அந்த உத்தரவில் தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவில் 1975-லேயே மேக்னஸன்–மாஸ் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி என்று கட்டுவதைத் தடுத்தது. நம் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறையும் 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளத்தைத் தொடங்கியது, அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆயில் வாங்கிய பில்லை வைத்துக்கொள்ளுங்கள், தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு இந்தக் கேள்வியே எழாது. நம் சாலைகளில் ஓடுபவற்றில் அப்படிப்பட்டவையே அதிகம்.

"நூறு ரூபாய் கூலிக்காகவா?" என்று கேட்பவர்களுக்கு ஷிஃப்ட் வாழ்க்கை தெரியாது. இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வருகிறவர் தூங்க வேண்டிய நேரத்தில்தான் சர்வீஸ் சென்டர் திறக்கிறது. வண்டியை விட்டுவிட்டு வீடு திரும்பப் பஸ் பிடிக்க வேண்டும், மாலையில் எடுக்க மறுபடி போக வேண்டும். பகல் ஷிஃப்ட் ஆளுக்கோ ஒரு நாள் விடுப்பு. ஒப்பந்தத் தொழிலாளருக்கு விடுப்பு என்றால் சம்பளம் போயிற்று. தேர்வாய்க் கண்டிகை பக்கம் வேலை, வீடு உள்கிராமம் என்றால் பைக் இல்லாத ஒரு நாள் என்பது வேலைக்கே போகாத நாள். ஆயில் மாற்றப் போகிறவரை 'ஜெனரல் சர்வீஸ்' என்று எழுதவைத்து, கேட்காத பாலிஷும் கேட்காத கிளீனரும் பில்லில் ஏறுவது தனிக் கதை. இத்தனையும் சேர்ந்ததால்தான் தொழிலாளர்கள் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டி ஆயிரம், இரண்டாயிரம் ஓட்டிவிட்டு, பிறகு இன்ஜின் வேலை வந்து வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். கூலியை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கடனைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது பழைய ஆயில். இங்கே எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை முழுமையாக ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகளும், எரிபொருள் எரிந்து விளையும் நச்சுச் சேர்மங்களும் இருக்கின்றன. தோலில் நாள்கணக்கில் பட்டால் புற்றுநோய்க்கு வழிவைக்கக்கூடியவை அவை. கையுறை போடாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஒருமுறை வடிக்கும் ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கார் ஆயிலைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பைக்கில் அதில் நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் அது அற்பமில்லை. அதுவும் இந்த மாவட்டத்தில் அற்பமே இல்லை. சென்னை குடிக்கும் பூண்டி, சோழவரம், கண்ணன்கோட்டை–தேர்வாய்க் கண்டிகை ஏரிகள் இங்கே இருக்கின்றன, புழல் விளிம்பில் இருக்கிறது. ஆரணியாறு பழவேற்காட்டு ஏரிப் பக்கம்தான் போய்ச் சேர்கிறது. மிக்ஜாம் வெள்ளத்தின்போது மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதை நாடே பார்த்தது. எண்ணெய் தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்று நம் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆகவே கால்வாயில் ஊற்றுவதும், மண்ணில் குழி தோண்டிக் கொட்டுவதும், கரையானுக்கு என்று கதவு நிலையில் பூசுவதும், சென்ட்ரிங் பலகைக்குக் கொடுப்பதும் கூடாது. அடுப்பில் எரிப்பது எல்லாவற்றையும்விட மோசம். இதைச் செய்கிறவர் வீட்டில் ஆயில் மாற்றக் கூடாது என்று நானே சொல்வேன்.

ஆனால் மெக்கானிக் கடைக்குப் போனால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுமா? நூறு வண்டி ஆயிலும் கடையின் ஒரே பீப்பாயில் சேர்கிறது. அதைச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். எத்தனை வருஷத்துக் கறுப்பு அது! மழை பெய்தால் அது எங்கே ஓடுகிறது? பீப்பாய் நிரம்பியதும் வாங்கிப்போகிறவர் யார், பதிவு பெற்றவரா, எங்கே கொண்டுபோகிறார் என்று எந்த வண்டிக்காரராவது கேட்டதுண்டா? நம் கண்ணுக்கு மறைந்துவிட்டால் கழிவு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். வீட்டில் ஆயில் மாற்றுகிறவரின் கையில் ஒரு கேன் பழைய ஆயில் நிற்கிறது. அது அவர் கண்முன் இருக்கும் பொறுப்பு. கடையில் விட்டவருக்கு அந்தப் பொறுப்பு இருப்பதே தெரியாது.

தீர்வு சேகரிப்பில் இருக்கிறது. பழைய ஆயில் தேய்ந்து அழிவதில்லை. அழுக்கேறி, சேர்த்த ரசாயனங்கள் தீர்ந்து நிற்கிறது, அவ்வளவே. அதை மறுபடி சுத்திகரித்து அடிப்படை எண்ணெய் ஆக்க முடியும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளில் பழைய எண்ணெய் இருக்கிறது. 2023-இல் அந்த விதிகளில் செய்த திருத்தப்படி, 2024 ஏப்ரல் 1 முதல், லூப் ஆயில் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் பழைய எண்ணெய் மறுசுழற்சியாவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆக, பழைய ஆயிலுக்குப் பொறுப்பேற்கும் கடமை ஆயில் கம்பெனிக்கே வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே அபாயகரமான கழிவைக் கையாளும் நிலையம் இருக்கிறது. தொழிற்சாலைகளின் கழிவு எண்ணெயை எடுத்துப்போக வண்டிகள் வந்துபோகின்றன. அந்த அமைப்பு தொழிற்சாலைச் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. சுவருக்கு வெளியே நிற்கும் தொழிலாளரின் ஒரு லிட்டருக்கு வழியில்லை. இதுதான் உண்மையான குறை. குறையைச் சரிசெய்யச் சொல்வதற்குப் பதில், தொழிலாளரைப் பார்த்து "நீ தொடாதே" என்கிறோம்.

மெக்கானிக்குகளின் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று ஒரு குற்றச்சாட்டும் வரும். நான் மதிக்கும் தொழில் அது. நல்ல மெக்கானிக்கின் திறமை ஆயில் வடிப்பதில் இல்லை. சத்தத்தைக் கேட்டே டைமிங் செயினா வால்வா என்று சொல்லும் காதுக்கு நாம் உரிய கூலி கொடுக்க வேண்டும், இப்போது கொடுப்பதைவிட அதிகமாகவே கொடுக்க வேண்டும். தன் வண்டியைத் தெரிந்த வாடிக்கையாளர் அவரிடம் சரியான நேரத்தில் வருவார், சரியாகக் குறையைச் சொல்வார். நல்ல மெக்கானிக் அப்படிப்பட்டவரைத்தான் விரும்புவார். முதுகுவலி உள்ளவரும், நேரமில்லாதவரும், லைன் வீட்டில் வண்டி நிறுத்தவே இடமில்லாதவரும் கடையில் விடட்டும். நின்று பார்த்து, பாட்டிலின் சீல் தங்கள் முன்னால் உடைபடுகிறதா என்று கவனிக்கட்டும். பீப்பாயிலிருந்து ஊற்றும் லூஸ் ஆயிலை மறுக்கட்டும்.

சிப்காட் தொழிற்சாலை நிர்வாகங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கழிவு எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் தொழிலாளர்களுக்காக இன்னொரு பீப்பாய் வையுங்கள். உங்கள் வண்டி எப்படியும் வரத்தான் போகிறது. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் ஆயில் விற்கும் கடைக்காரர்களும் பெட்ரோல் பங்க்குகளும் அதையே செய்யலாம். பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்பது ஆயில் கம்பெனிகளுக்கு இப்போது சட்டக் கடமை. உள்ளாட்சிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வாசகரே, நீங்கள் அடுத்த முறை ஆயில் மாற்றும்போது பழையதை அதே பாட்டிலில், தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் இறுக மூடி வையுங்கள். புது பாட்டில் வாங்கும் கடையில் அதை மேசைமேல் வைத்து, "இதை எங்கே கொடுப்பது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.